'புட் டவுன்' என்றால் ஆறு கருத்து

என் ஆங்கில வகுப்பில் கொடுக்கும் தாள் ஒன்று உண்டு. போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள். அதில் 'புட் டவுன்' என்ற சொல்லுக்குக் கீழே ஐந்து கருத்துகள் இருக்கின்றன. கையில் இருப்பதைக் கீழே வைத்தல். பெயரைக் குறித்துக்கொள்ளுதல். தொலைபேசியை வைத்தல். கலகத்தை அடக்குதல். ஒருவரை நாலு பேர் முன்னால் மட்டந்தட்டுதல். ஆறாவது ஒன்றும் இருந்தது. அதை வெட்டியது நான். காயப்பட்ட மிருகத்தை, வேதனைப்படாமல் இருக்கட்டும் என்று ஊசி போட்டுக் கொல்லுதல். தாள் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். இருபது வருடமாக அந்த ஐந்தையும்தான் கொடுத்துக்கொண்டு வருகிறேன்.

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறின பிறகு எழுது என்று என் சிநேகிதி சொன்னாள். ஆறவில்லை. ஆறும் என்று தோன்றவும் இல்லை.

முதல் கோபம் அந்த மொழி மீது. அவர்களிடம் 'புட்', 'கெட்', 'டேக்', 'டர்ன்' என்று கொஞ்சம் சின்னச் சொற்கள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் அப், டவுன், ஓஃப், அவுட் என்று ஒரு வாலைக் கட்டிவிடுகிறார்கள். வால் மாறினால் மிருகம் மாறும். அதையாவது பாடமாக்கிவிடலாம். அதே வாலோடு நின்றுகொண்டே மிருகம் மாறும்போது என்ன செய்வது? குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதற்கும் நாயைக் கொல்வதற்கும் ஒரே சொல். இதைப் பேசிக்கொண்டு உலகத்தை ஆண்டிருக்கிறார்கள்.

வகுப்பு வெள்ளவத்தையில் நடக்கிறது. காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. ரயில் போகும்போது நான் பேச்சை நிறுத்திவிட்டுக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புடவைக்கடைகளில் நிற்கும் பெண்கள் வருகிறார்கள். வெளிநாட்டுச் சோதனைக்குப் படிப்பவர்கள் வருகிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ரீச்சரோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வரும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

ஒருநாள் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து புடவைக்கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை கேட்டாள்.

"ஏன் மிஸ், ஒரே சொல்லுக்கு இத்தன அர்த்தம் வச்சிருக்காங்க? வெள்ளக்காரனுக்கு சொல்லு பத்தலயா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, தமிழில் மட்டும் என்ன குறை என்று 'போடு' என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். ஆளுக்கொன்று சொல்லச் சொன்னேன். தேத்தண்ணி போடு. சட்டை போடு. சண்டை போடு. கோலம் போடு. கையெழுத்துப் போடு. முட்டை போடும். ஊசி போடு. கடைசி வாங்கில் இருந்த, என் வயதுக்காரியான ஒரு தாய் மெல்லச் சொன்னார்.

"ஆளைப் போட்டுட்டாங்கள்."

இளம் பிள்ளைகள் சிலருக்கு அது பகிடியாக இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அந்தச் சொல்லுக்கு யாரும் யாருக்கும் கருத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தியில் சொன்னார்கள், வீட்டில் விளங்கியது. பலகையை அழித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். 'போடு' என்றால் கொல்லு என்று எங்களுக்கே ஒரு கருத்து இருக்கும்போது, அவர்களுடைய 'புட்'டிலும் அது ஒளிந்திருக்கும் என்று என் தாளில் வைத்திருக்கவேண்டாமா? வைக்கவில்லை. நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

இனி அப்பா.

அப்பா பதினெட்டு வயதில் பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு வந்தவர். கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை செய்தார். அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை. பாரந்தூக்கிக்குக் கீழே நின்று கற்றது. பெட்டி மேலே ஆடிக்கொண்டு நிற்கும். கீழே நிற்கும் மேற்பார்வையாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்துவார்: "புட் டவுன், புட் டவுன்! ஸ்லோலி, ஸ்லோலி!" தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளி என்று எல்லோருக்கும் விளங்கிய ஒரே கட்டளை அதுதான் என்பார் அப்பா. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஒருவனுடைய காலும் நசுங்காமல் இருந்தது என்பார்.

எங்கள் வீட்டிலும் அதே கட்டளைதான். கொட்டாஞ்சேனையில் எங்களுடையது ஒழுங்கையோடு ஒட்டிய சிறிய வீடு. காஸ் சிலிண்டர் ஓட்டோவிலிருந்து இறங்கினால் "புட் டவுன், ஸ்லோலி". அரிசி மூட்டை வந்தால் "புட் டவுன், ஸ்லோலி". நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னை அம்மாவின் கைக்குக் கொடுக்கும்போதும் அதைத்தான் சொல்வாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான். பாரமானதை, உடையக்கூடியதை, பத்திரமாக நிலத்தில் சேர்.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் நாயும். நாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதப்போவதில்லை. கொச்சிக்கடை பஸ் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்குக் கீழே படுத்துக்கிடந்த குட்டி. அப்பா காலையில் தேத்தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கண்டு, சாரத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். மண்ணிறம். ஒரு காது நிமிரும், மற்றது நிமிராது. ஒன்பது வருடம் அப்பாவின் கதிரைக்குக் கீழேதான் கிடந்தது. என்னோடு அப்பா ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதனோடு நூறு பேசுவார். என்னோடு ஏன் பத்துத்தான் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால், இனி வரப்போகும் டொக்டர் மீதும் மொழி மீதும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிவிடுவேன்.

எங்கள் ஒழுங்கையில் சில வருடங்களுக்கு முன் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். எல்லா இனத்தவரும் இருந்தபடியால் ஆங்கிலத்தில் நடத்தினார்கள். உண்மையில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் அரைகுறை. அப்பா எழுந்து நின்றார். ஷேர்ட்டை உள்ளே விட்டிருந்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. "சேர், த்ரீ டேய்ஸ் வோட்டர் இஸ் டிடின்ற் கம்," என்றார்.

நான் பக்கத்தில் இருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "டிடின்ற் கம், அப்பா. 'இஸ்' வராது," என்றேன். வகுப்பில் சொல்வதுபோலவே, எல்லோருக்கும் கேட்கும்படி. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"யெஸ், யெஸ். டிடின்ற் கம்," என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். மூன்று நாள் தண்ணீர் வராமல் என்னென்ன பாடுபட்டோம் என்று சொல்ல வந்தவர், சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு அப்பா என் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு வசனம் பேசியதில்லை. ஒன்றின் கருத்தைக் கேட்டதும் இல்லை. முன்பெல்லாம் பேப்பரில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன பிள்ளை?" என்பார். அதையும் விட்டுவிட்டார். வெளியாட்கள் ஆங்கிலத்தில் பேசினால் "யெஸ், யெஸ்" என்பார். விளங்கினாலும் யெஸ், விளங்காவிட்டாலும் யெஸ். கூட்டத்தில் நான் அவருக்குச் செய்ததைத்தான், மட்டந்தட்டுதல் என்று தாளில் ஐந்தாவது கருத்தாக எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் அதற்கு உதாரண வசனம் கேட்டால் வேறு ஏதோ சொல்லிச் சமாளிப்பேன்.

நாய் அடிபட்ட நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் நான் வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். பேலியகொடையிலிருந்து மீன் ஏற்றிவந்த சிறிய லொறி ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்திருக்கிறது. நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுத்திருந்தது. லொறிக்காரன் இறங்கிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றானாம். அப்பா எனக்கு நாலு தடவை அழைத்தார். வகுப்பில் போனைக் கவிழ்த்து வைப்பது என் பழக்கம். மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டுமாம். நாலு தடவையும் அது மேசையில் கவிழ்ந்தபடியே கிடந்தது.

ஒழுங்கை முனையில் நிற்கும் சிங்கள ஓட்டோக்காரர்தான் உதவினார். "அங்கிள், பய வென்ட எப்பா," பயப்படாதீர்கள் என்று சொல்லி, நாயைச் சாக்கில் வைத்துத் தூக்கி, மிருக வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனார். எந்த இடம் என்று எழுதமாட்டேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, எல்லா அறிவித்தலும் ஆங்கிலத்தில். அவ்வளவு போதும்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கதிரையில் இருந்தார். மடியில் நாயின் சங்கிலி.

"செத்துப்போச்சு," என்றார்.

நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் தமிழில் சொன்னார். எப்போதும்போல ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

"பின்னங்கால் இடுப்போடை உடைஞ்சு கிடந்தது. ஆனா முழிப்பாத்தான் கிடந்தது, என்னைப் பாத்துக்கொண்டு. இரும்பு மேசை பிள்ளை, இந்த உயரம். குளிரிலை நடுங்கினது. டொக்டர் பிள்ளை ஒப்பரேசன் அது இது எண்டு சொல்லிச்சுது. பேந்து கீழை இறக்கட்டோ எண்டு கேட்டுது. ஓம், இறக்கி வையுங்கோ, மெல்ல எண்டு சொன்னனான். என்ரை துவாயை நிலத்திலை விரிக்கவும் போனனான். அந்தப் பிள்ளை இறக்கேல்லை. ஊசியை எடுத்துப் போட்டுது."

"ஏதும் கையெழுத்து வைச்சனீங்களோ அப்பா?"

"வைச்சனான். ஒப்பரேசனுக்கு எண்டு நினைச்சன். நான் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிழையான ஊசி. கண்ணைத் திறந்தபடி அப்பிடியே போயிட்டுது." பிறகு, தனக்கே சொல்வதுபோல, "நான் தாங்யூ டொக்டர் எண்டும் சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார்.

அந்தத் தாங்யூதான் அவரை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில், நல்ல ஆங்கிலத்தில். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஆங்கிலத்துக்காக ஒன்று கேட்டது அன்றுதான்.

அடுத்தநாள் காலை வகுப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்துக்குப் போனேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் மிக நன்றாக வரும். என் அப்பாவின் நாயைக் கொன்ற டொக்டரைப் பார்க்கவேண்டும் என்று வரவேற்பு மேசையில் ஆங்கிலத்தில் சொன்னேன். பூனைக்கூடையோடு இருந்த ஒரு பெண் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

டொக்டர் இளம்பிள்ளை. முப்பதுகூட இருக்காது. தலைமுடியை உயர்த்திக் கட்டியிருந்தாள். கையெல்லாம் நகக்கீறல். உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, படிவத்தை எடுத்துக் காட்டினாள். அப்பாவின் கையெழுத்து, கீழே ஒரு கோடு இழுத்து, முப்பத்தாறு வருடம் பண்டகசாலைத் தாள்களில் போட்ட அதே கையெழுத்து. அதற்கு மேலே அச்சடித்த ஆங்கிலத்தில், உயிர்போக்கச் சம்மதம் என்று இருந்தது.

அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். நிதானமாகத்தான் விளக்கினாள். "இடுப்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் வயதான நாய், மாதக்கணக்கில் தூக்கிப் பராமரிக்கவேண்டும், அங்கிளும் தனிய வந்தவர் என்று சொன்னேன். விரும்பினால் புட் டவுன் பண்ணலாம் என்றேன். அவர் உடனே சொன்னார், 'யெஸ் யெஸ், புட் டவுன், புட் டவுன், ஸ்லோலி, ஸ்லோலி' என்று. நோகாமல் செய்யச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே மெல்லத்தான் செய்தேன். அவர் போன பிறகு நான் அழுதேன்."

கையை விரித்துக்கொண்டு பாரந்தூக்கிக்குக் கீழே நிற்கும் மனிதரை நான் மனக்கண்ணில் கண்டேன். எழுந்து நின்று கத்தவென்று வந்தவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்பா பெரிய பிழை ஒன்றும் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த கருத்தை அவர் சொன்னார். அவளுக்குத் தெரிந்த கருத்தை அவள் கேட்டாள். நடுவில் கிடந்த நாய்க்குத்தான் ஒரு மொழியும் தெரியாது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்து, என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு கையைக் காட்டிவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, ஆக்கள் இருக்கினம். பேந்து எடுக்கிறன்."

அவள் போனை வைக்கும் முன்பே கேட்டேன்.

"நீங்க தமிழோ?"

"ஓம் அன்ரி," என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ரை அப்பாவோடை ஏன் தமிழிலை கதைக்கேல்லை? ஏன்? ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியுமே! பக்கத்திலை நிண்டு ரெண்டு பேரும் இங்கிலீசிலை நாடகம் ஆடினனீங்களோ?"

"அங்கிள்தான் இங்கிலீஷிலை தொடங்கினவர் அன்ரி. குட் மோர்னிங் டொக்டர் எண்டு. நான் தமிழுக்கு மாத்தினா, இவருக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு நான் நினைக்கிறன் எண்டு குறையா எடுப்பார். போன மாசம் ஒருத்தர் அப்பிடிப் பேசினவர். என்னோடை ஏன் தமிழிலை கதைக்கிறீர், என்னைப் பாத்தா எப்பிடித் தெரியுது எண்டு. அதுதான்…"

மரியாதை! அவருக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் பேசினாளாம். அவளுக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்று அவரும் ஆங்கிலத்தில் தொடங்கியிருப்பார். சிங்கள டொக்டராக இருந்திருந்தால் அப்பா தன்னுடைய நல்ல கொழும்புச் சிங்களத்தில் கேட்டு, இல்லை என்று சொல்லி, நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். தமிழரும் தமிழரும் சந்தித்தபடியால்தான் அது செத்தது.

அவளை நன்றாக ஏசவேண்டும் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. வெள்ளவத்தையில் நான் என்ன செய்கிறேன்? புடவைக்கடையில் 'ஹவ் மச்' என்று கேட்கிறேன். பதில் சொல்பவள் என்னுடைய மாணவி, ஹற்றன் தமிழ்ப்பிள்ளை. அவளும் கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் விலை சொல்கிறாள். இரண்டு பேரும் அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்த வெட்கங்கெட்ட வியாபாரத்தில்தான் என் சோறு வேகிறது.

ஒன்று மட்டும் தமிழில் கேட்டேன். "ஒப்பரேசன் செய்திருந்தா பிழைச்சிருக்குமோ?"

பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பிள்ளை. சொல்லவில்லை. "பிழைச்சிருக்கும் அன்ரி. நொண்டியிருக்கும்."

கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தேன். அப்பாவுக்குச் சொல்லக்கூடாது. பிழையான ஊசி என்று அவர் நம்புகிறார். நம்பட்டும். சாகும்வரை அந்த டொக்டரைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும், அவள் தாங்குவாள், இளம்பிள்ளை. உண்மை தெரிந்தால் அவர் யாரைத் திட்டுவார்? எழுபத்தெட்டு வயதில் தன் வாயால் 'கொல்லு' என்று சொல்லி, தன் கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரிந்தால் அந்தக் கதிரையில் எப்படி உட்காருவார்? கடிதத்தை எழுதுவேன், அதில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்வேன். அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விடுவேன். அவ்வளவுதான் திட்டம்.

வீட்டில் அப்பா மேசையைத் துடைத்து, வெள்ளைத்தாளும் பேனையும் எடுத்து வைத்திருந்தார். ஷேர்ட் போட்டிருந்தார். கடிதம் எழுதுவதற்கு ஷேர்ட்!

"அவ என்ன சொல்லுறா?" என்றார்.

"கவலையாம் அப்பா. பிழைதான் எண்டு சொன்னவ," என்றேன்.

"சொல்லத்தானே வேணும். சரி, எழுது." தொண்டையைச் செருமினார். பல வருடங்களுக்குப் பிறகு என் முன்னால் ஆங்கிலத்தில் பேசினார். "டியர் சேர். ஐ டோல்ட் டொக்டர் புட் டவுன் த டோக். ஷீ இஸ் நொட் புட் டவுன். ஷீ புட் இன்ஜெக்ஷன்."

நான் எழுதினேன். என் கை தானாகவே திருத்தியது. அவர் சொன்னதை விட்டுவிட்டு, நாயைத் தரைக்கு இறக்கும்படி கேட்டேன் என்று, 'லோவர்' என்ற சொல்லைப் போட்டு, அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"லோவரோ? நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான் அப்பா. இது கடிதத்துக்கு நல்லம்."

"நான் புட் டவுன் எண்டு சொன்னனான். அதை எழுது."

"அப்பா, இதுதான் சரியான இங்கிலீஷ்…"

"என்ரை இங்கிலீஷைத் திருத்தாதை!"

என் ஆயுளில் அப்பா என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல்தடவை. மேசையில் இருந்த பேனை உருண்டு விழுந்தது. "முப்பத்தாறு வருசம் அந்தச் சொல்லைச் சொன்னனான். அதிலை பிழை பிடிக்க ஒருத்தருக்கும் ஏலாது. பிழை அவவிலை. நான் சொன்ன சொல்லை நான் சொன்ன மாதிரியே எழுது."

நான் எழுதவில்லை. அந்த இரண்டு சொல்லை எழுதினால், கடிதத்தை வாசிக்கும் எவரும் சிரிப்பார்கள். கிழவன் தானே கொல்லச் சொல்லிவிட்டு முறைப்பாடு எழுதுகிறான் என்பார்கள். இன்னொரு கூட்டம், இன்னொரு முன்வரிசை. அனுப்பப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும் கை ஓடவில்லை. பேனையை எடுக்கக் குனிந்து, எடுத்து, அவரைப் பார்க்காமல் இருந்தேன்.

ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் தணிந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்பு, பேப்பரில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்பாரே, அந்தக் குரல்.

"அதுக்கு வேறை கருத்தும் இருக்கோ பிள்ளை?"

இவ்வளவு வருடம் கேட்காமல் இருந்ததை அன்று கேட்டார். அந்த இரும்பு மேசைக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் போதும். கேட்டால் சிரிப்பார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இந்த வீட்டில் இருக்கும் ஆங்கில ரீச்சர்.

"ஓம் அப்பா. இருக்கு," என்றேன். சொன்னேன். ஆறாவது கருத்தை, தாளில் வெட்டிய அந்த வரியை, தமிழில் முழுதாகச் சொன்னேன்.

அப்பா தாளைப் பார்த்தார். பிறகு கதிரைக்குக் கீழே பார்த்தார். கை தானாகக் கீழே போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

"அப்ப நான்தான் சொன்னனான்," என்றார்.

"இல்லை அப்பா, நீங்க…"

"ஸ்லோலி எண்டும் சொன்னனான் பிள்ளை. ரெண்டு தரம் சொன்னனான்."